பாய் விரித்த மைதானம்

தீவு ஊரான நைமோலியில் புதிய கால்பந்து அரங்கம் எழும்பியபோது ஊரே அண்ணாந்து பார்த்தது. கூரை, விளக்குக் கம்பங்கள், ஐயாயிரம் நீல நாற்காலிகள் என்று வாயைப் பிளக்க நிறைய இருந்தன. தாரைவினி மட்டும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தரைக்கு அவள்தான் பொறுப்பு.

கரும்பு லாரிகள் வருஷக்கணக்கில் நின்று இறுகிப்போன களிமண் அது. அதைக் கிளறி, ஆற்று மணல் கலந்து, ஒட்டு ரக அருகம்புல்லைக் கொத்துக் கொத்தாக நட்டு, இரண்டு புயலையும் ஒரு வறட்சியையும் தாண்ட வைத்து, பதினான்கு மாதத்தில் பச்சைப் பசேலென்று ஆக்கியிருந்தாள். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட இவ்வளவு பார்த்ததில்லை என்று அவள் புருஷன் கடைத்தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவன் எப்போதும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன்தான், ஆனால் இதில் கூட்டவில்லை.

புல் ஒரு நிலைக்கு வந்த நேரம் பார்த்து, அரங்க நிர்வாகி தொரசாமி கவுண்டர் பாட்டுக் கச்சேரி என்று கிளம்பினார். கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவர்களின் பேரனான கவுண்டருக்குப் பெயரில் மட்டும்தான் தமிழ் மிச்சம் இருந்தது. பேச்செல்லாம் ஊர்ப்பேச்சு, யங்கோனா வேர்ச்சாறு குடிப்பதில் ஊரையே மிஞ்சுவார், பிடிவாதம் மட்டும் எந்தக் கப்பலில் வந்ததோ தெரியாது.

"மாசத்துல ரெண்டு நாள் ஆட்டம். மிச்ச நாளெல்லாம் மைனாதான் வந்து உக்காருது. மைனாவுக்கா இத்தனை நாற்காலி போட்டோம், வினி?"

"மைனா உக்காந்தா புல்லு சாகாதுண்ணே."

"அதுக்குத்தான் மூடி வருதே. நியூசிலாந்து பிளாஸ்டிக் மூடி. பலகை பலகையா இருக்கும். அது மேல லாரியே ஓட்டலாம்."

"லாரி ஓட்டுங்க, நான் ஒண்ணும் சொல்லல. லாரி குதிக்காது. இவங்க குதிப்பாங்க."

கவுண்டர் ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில், மூடி வந்தால் கச்சேரி என்று அவள் இறங்கிவந்தாள். சனிக்கிழமை கச்சேரி. திங்கட்கிழமை கால்பந்துச் சங்கத்திலிருந்து ஆய்வாளர் வருகிறார். தரை தேறினால் அடுத்த சனிக்கிழமை முதல் ஆட்டமும், அதற்கப்புறம் அந்தப் பருவம் முழுக்க ஆட்டங்களும் நைமோலியில். தேறாவிட்டால் நைமோலி அணி தன் சொந்த ஊர் ஆட்டங்களை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் போய் ஆட வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் அதற்காகவே காத்துக்கொண்டிருந்தார்கள். தரை தேறாமல் போனால் பழி கவுண்டர் மேல் வராது, பாட்டுக்காரன் மேலும் வராது. புல் யாருடையது என்று ஊருக்கே தெரியும்.

அதனால் ஒரு மாதமாக அவள் உள்ளூர் ரேடியோவில் தினமும் காலையில் பேசினாள். பண்டிகை வாழ்த்துச் சொல்லும் குரலில்தான் ஆரம்பிப்பாள். "கச்சேரிக்கு வாங்க, சந்தோஷமா இருங்க," என்பாள். அப்புறம் குரல் இறங்கும். "ஆனா என் புல்லை எவனாவது குதிகாலால திருகினான்னு தெரிஞ்சுது, அவன் வீட்டு வாசலுக்கு வந்து அவன் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசுவேன்." நைமோலியில் இதைவிடப் பெரிய மிரட்டல் கிடையாது.

செவ்வாய்க்கிழமை, கச்சேரிக்கு நான்கு நாள் இருக்கையில், துறைமுகத்திலிருந்து தகவல் வந்தது. மூடிகள் இருந்த பெட்டியை இறக்காமலேயே கப்பல் புறப்பட்டுவிட்டது. இந்நேரம் டோங்காவை நெருங்கியிருக்கும்.

"கச்சேரியை நிறுத்துங்க," என்றாள் தாரைவினி.

"பாட்டுக்காரன் ஆக்லாந்துல விமானம் ஏறிட்டான். அஞ்சாயிரம் பேரு சீட்டு வாங்கியாச்சு. நீ போய் நிறுத்து, நான் பின்னாடியே வர்றேன்," என்றார் கவுண்டர்.

அன்று மாலை வேதக்கோயில் கூடத்தில் பெண்கள் சங்கக் கூட்டம். தாரைவினி போய் ஒரு மூலையில் உட்கார்ந்தாள். சங்கத் தலைவி சலசெய்னிக்கு எதையும் நேராகக் கேட்டுத்தான் பழக்கம்.

"என்னடி மூஞ்சி இப்படி இருக்கு? புல்லுக்குக் காய்ச்சலா?"

"மூடி வரலக்கா."

"மூடின்னா என்ன?"

"தரை மேல விரிக்கிறது. அது மேல சனங்க இருந்தா கீழ இருக்கிறது நசுங்காது."

சலசெய்னி மெல்லக் குனிந்து தான் உட்கார்ந்திருந்த பாயைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளும் குனிந்து பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் கூடத்தில் இருந்த நாற்பது பெண்களும் தங்கள் தங்கள் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாய் என்றால் போனில் கேட்டு வாங்கும் சமாசாரமில்லை. மறுநாளே தாரைவினியும் கவுண்டரும் யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, அரங்கம் நிற்கும் நிலத்துக்கு உரிய கிராமத்தின் தலைவர் ராத்து கொலினியோவின் வீட்டுக்குப் போனார்கள். பெரிய உடம்பு, எழுபத்தி மூன்று வயது, இடது முட்டியில் வலி. வேர்க்கட்டை முன்னால் வைத்துக் கவுண்டர் முறைப்படி பேசி முடித்தார். ராத்து அதைத் தொட்டு ஏற்றுக்கொண்டார். அப்புறம்தான் சிரித்தார்.

"எங்க நிலத்துல புல்லு வளக்குறீங்க. அந்தப் புல்லைக் காப்பாத்த எங்க பாயையே கேக்குறீங்க. கெட்டிக்காரங்கதான். தர்றோம். ஆனா எங்க பாய் எங்க போகுதோ அங்க நானும் வருவேன்."

"வாங்க ராத்து, முதல் வரிசையில நாற்காலி போட்டுடறேன்," என்றார் கவுண்டர்.

"பாய் கிடக்கும்போது நாற்காலி எதுக்கு?"

வியாழக்கிழமையிலிருந்து பாய்கள் வந்து இறங்கின. கல்யாணத்துக்கு முடைந்து பெட்டியில் வைத்திருந்தவை, விளிம்பில் கம்பளி நூல் குஞ்சம் வைத்தவை, கோயில் கூடத்தின் நீளப் பாய்கள், கரும்புத் தோட்டத்து இந்தியர் வீடுகளில் ராமாயணம் படிக்க விரிப்பவை. தாரைவினி இரண்டு நாள் முன்பே தண்ணீரை நிறுத்தித் தரையை இறுக விட்டிருந்தாள். புல்லையும் வழக்கத்தைவிட ஒரு விரல் உயரமாக விட்டிருந்தாள். சனிக்கிழமை நண்பகலில் மேடைக்கு முன்னால் பாதி மைதானம், கோல் கம்பம் இருந்த இடத்திலிருந்து நடுக்கோடு வரைக்கும், அறுநூறு பாய்களால் மூடிவிட்டது. ஒவ்வொன்றையும் அவளே இழுத்துச் சரிசெய்தாள். இரண்டு பாய்க்கு நடுவே ஒரு புல் தலை நீட்டினாலும் திரும்பப் போய் மூடினாள்.

மூன்று மணிக்குக் கதவு திறந்தார்கள். முதலில் வந்தவன் பாய் விளிம்புக்கு வந்ததும் செருப்பைக் கழற்றினான். அடுத்தவளும் கழற்றினாள். யாரும் சொல்லவில்லை, அறிவிப்பும் இல்லை. அரை மணி நேரத்தில் எல்லைக்கோட்டை ஒட்டி இரண்டாயிரம் ஜோடிச் செருப்பு. கழற்றினவர்கள் அடுத்து என்ன செய்வார்கள்? உட்கார்ந்தார்கள். ஆண்கள் சம்மணம் போட்டு, பெண்கள் காலை ஒரு பக்கமாக மடித்து, அக்கம்பக்கத்தில் நலம் விசாரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நட்டநடுவில், மேடைக்கு நேர் முன்னால், ராத்து கொலினியோ உட்கார்ந்தார்.

ஆச்சரியம் என்னவென்றால், நாலு நாளாக இந்த ஏற்பாட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு அலைந்த ஒருவருக்கும் இது முன்னாலேயே தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து பாயைக் கண்டால் செருப்பைக் கழற்றி உட்காருகிற சனம். தலைவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நின்று பழக்கமே இல்லாத சனம். அப்படிப்பட்ட சனத்தைப் பாய் விரித்து, தலைவரையும் நடுவில் உட்கார வைத்துவிட்டு, ஆட வா என்று கூப்பிட்டிருந்தார்கள்.

பாடகன் ஐசேயா தலைநகர் சுவாவில் பிறந்து ஆக்லாந்தில் வளர்ந்தவன். நான்கு மணிக்கு மேடையில் குதித்து ஏறி, கையை உயர்த்தி, "நைமோலி, எந்திரிங்க பாப்போம்," என்றான். இரண்டாயிரம் பேர் அவனைப் பிரியமாகப் பார்த்தார்கள். டிரம் அதிர்ந்தது, பேஸ் கிதார் நெஞ்சுக்குள் இடித்தது, பாட்டு அருமையான பாட்டு. முடிந்ததும் அரங்கம் முழுக்க உள்ளங்கையைக் குழித்து, நிதானமாக, மூன்று முறை தட்டினார்கள். பெரியவர்களுக்கு யங்கோனாக் கிண்ணம் கொடுக்கும்போது தட்டுகிற அதே தட்டு. அத்தோடு நிறுத்திவிட்டு அடுத்த பாட்டுக்கு மரியாதையாகக் காத்திருந்தார்கள். ராத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, நாற்காலி வரிசைகளில் இருந்த மூவாயிரம் பேரும் எழுந்திருக்கவில்லை.

மூன்றாவது பாட்டில் ஐசேயா பொறுமை இழந்து மேடையிலிருந்து பூட்ஸோடு பாயில் குதித்தான். குதித்த வேகத்தில் மைக்கை முன் வரிசையில் இருந்த சலசெய்னியின் வாய்க்கு நேராக நீட்டி, கூடச் சேர்ந்து பாடச் சொன்னான்.

"பூட்ஸைக் கழட்டு தம்பி," என்றாள் சலசெய்னி. அது எட்டு ஒலிபெருக்கிகளில் கேட்டது.

அவன் மேடை ஏறிக் கழற்றினான். ஒரு காலுறையில் கட்டைவிரல் வெளியே தெரிந்தது. பெண்கள் பகுதியில் கொஞ்சம் சிரிப்பு எழுந்து, ராத்து திரும்பிப் பார்த்ததும் அடங்கியது.

இதையெல்லாம் மைதானத்து ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தாரைவினிக்குச் சொர்க்கம் கண்ணில் தெரிந்தது. இரண்டாயிரம் பேர், ஒரு குதிகால் அசையவில்லை. உட்கார்ந்த பாரத்தைப் புல் தாங்கும், இரண்டே நாளில் நிமிர்ந்துவிடும். பதினான்கு மாதத்தில் முதல்முறையாக அவள் தோளைத் தளர்த்தினாள். ரொட்டிப் பொட்டலம் ஒன்று வாங்கிப் பிரித்துக்கூட வைத்துக்கொண்டாள்.

இடைவேளையில் கவுண்டர் வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"பாட்டுக்காரன் என்ன சொல்றான் தெரியுமா? 'நானும் எத்தனையோ ஊர்ல பாடியிருக்கேன், உயிரோட இருக்கும்போதே எனக்குத் துக்கம் கொண்டாடுனது இந்த ஊருதான்'கிறான்."

"நல்லாத்தானே கைதட்டுறாங்க?"

"வினி, அந்த மேல் வரிசையைப் பாரு. சுவாவிலிருந்து ரெண்டு பேரு, லம்பாசாவிலிருந்து ஒருத்தரு. கச்சேரி, குத்துச்சண்டை, பொருட்காட்சி எல்லாம் நடத்துறவங்க. இந்த ஊரு தேறுமான்னு பாக்க வந்தவங்க. ஒருத்தன் தூங்கியே போயிட்டான்."

"தூங்கட்டும். என் புல்லு நல்லா இருக்கு."

கவுண்டர் வழக்கமாகக் கத்துகிறவர். அன்றைக்குக் கத்தவில்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது.

"உன் புல்லு பொழச்சிடுச்சும்மா, எனக்கும் சந்தோஷந்தான். ஆனா இன்னிக்கு இது இப்படியே முடிஞ்சா இனிமே ஒருத்தனும் இங்க வர மாட்டான். ஆட்டத்தை மட்டும் நம்பி இவ்வளவு பெரிய இடத்தை நடத்த முடியாது. அடுத்த வருஷம் பூட்டிடுவாங்க. பூட்டின கதவுக்கு உள்ள புல்லு வளத்து யாருக்குக் காட்டப் போற?"

"அதுக்கு நான் என்னண்ணே செய்யிறது? பாயில உக்காராதீங்கன்னா சொல்ல முடியும்?"

"ராத்து எந்திரிச்சா எல்லாரும் எந்திரிப்பாங்க. அவரை எழுப்ப எனக்கு முறையில்ல. அதுவும் போக, இங்க பாதிப் பேரு ராத்துவுக்குப் பயந்து உக்காந்திருக்கான், மீதிப் பேரு உனக்குப் பயந்து உக்காந்திருக்கான்."

அவர் போய்விட்டார். தாரைவினி ரொட்டிப் பொட்டலத்தைத் திரும்ப மடித்து வைத்தாள். பாயில் இருந்த முகங்களை அப்போதுதான் பார்த்தாள். வியாழக்கிழமையிலிருந்து தலைபின்னி, நகத்துக்குச் சாயம் பூசி, காதில் செம்பருத்தி வைத்துக்கொண்டு வந்திருந்த பெண்கள் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். தோள் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. ஒருத்தி கால் விரல்களை இடுப்பில் சுற்றிய சூலுத் துணிக்கு அடியில் ஒளித்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். தாரைவினி தன்னைப் பார்ப்பதைக் கண்டதும் அவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

தாரைவினிக்கு வெட்கமாக இருந்தது. புல்லைக் காப்பாற்றப் போய் ஊரைக் கட்டிப் போட்டுவிட்டோமே என்று இருந்தது. கோபமும் வந்தது, கப்பல்காரன் மேல், கவுண்டர் மேல், ஐசேயாவின் ஓட்டைக் காலுறை மேல். எல்லார் மேலும் கோபப்பட்டு முடித்த பிறகும் அந்தப் பெண் காலை அசைக்கவில்லை.

தாரைவினி தன் பூட்ஸைக் கழற்றிச் செருப்பு வரிசையில் வைத்தாள். "துலோ, துலோ," என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, குனிந்து, உட்கார்ந்திருந்த தலைகளுக்கு நடுவே நடந்து ராத்துவின் முன்னால் போய் முட்டிபோட்டாள். மேடையில் இரண்டாம் பகுதியின் முதல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"ராத்து, தரலாலா ஆட வாங்க."

தரலாலா என்றால் பெரிய வித்தையில்லை. ஜோடியாக இடுப்பில் கைபோட்டுப் பக்கத்தில் பக்கத்தில் நின்று, இரண்டடி முன்னால், இரண்டடி பின்னால். கல்யாண வீட்டில், கோயில் விருந்தில், பாய் மேல் வெறுங்காலோடு ஆடுவது. கூப்பிடுவது பெண்தான். பெண் வந்து கூப்பிட்ட பிறகு மாட்டேன் என்று சொன்ன ஆண் நைமோலியில் இதுவரைக்கும் இல்லை. தலைவனுக்கும் அதே கதிதான்.

ராத்து அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயா கூப்பிடுறது? காலையில ரேடியோவுல எங்க எல்லாரோட அம்மாவையும் கூப்பிடுறவ நீதானே?"

"நான்தான், ராத்து."

"நான் எந்திரிச்சா இவ்வளவு பேரும் எந்திரிப்பாங்க. தெரியுமா?"

"தெரிஞ்சுதான் கூப்பிடறேன்."

"அப்ப புல்லு?"

"அது வளரும்."

சொன்னவளுக்கே தன் காதை நம்ப முடியவில்லை. ராத்து கையை நீட்டினார். "என் முட்டி போச்சுன்னா உன் புருஷன்தான் என்னைத் தூக்கணும்," என்றார். அவள் இழுத்தாள், அவர் எழுந்தார்.

ஐசேயா பாடிக்கொண்டே பார்த்தான். ஆக்லாந்தில் வளர்ந்தாலும் அவனை வளர்த்தவள் சுவாக்காரிதான். கிதார்க்காரனுக்குக் கையைக் காட்டித் தாளத்தைத் தரலாலாவுக்கு மாற்றினான். இரண்டடி முன்னால், இரண்டடி பின்னால். சலசெய்னி எழுந்து நேரே போய்க் கவுண்டரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அப்புறம் அவள் சங்கத்து நாற்பது பேரும் எழுந்தார்கள். கால் விரலை ஒளித்த பெண் எழுந்தாள். மூன்றாவது பாட்டுக்குள் மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர் யாருமில்லை, நாற்காலி வரிசைகளும் எழுந்துவிட்டன. தூங்கிய ஆளை யாரோ ஒரு பாட்டி எழுப்பிக் கூட்டிப்போனாள். ஐசேயா காலுறையையும் கழற்றி வீசிவிட்டு இறங்கி வந்தான்.

வெறுங்கால்தான் என்றாலும் நாலாயிரம் கால். பாய்கள் நகர ஆரம்பித்தன. மேடைக்கு முன்னால் இரண்டு பாய்கள் விலகியதைத் தாரைவினி கண்ணால் பார்க்கவில்லை, உள்ளங்காலில்தான் தெரிந்துகொண்டாள். புல். குளிர்ச்சியாக, அடியில் லேசான ஈரத்தோடு. அளவுகோல் வைத்து அளந்திருக்கிறாள், கத்தரித்திருக்கிறாள், பூட்ஸ் போட்டு ஆயிரம் தடவை நடந்திருக்கிறாள். வெறுங்காலை ஒருநாளும் வைத்ததில்லை. இவ்வளவு மிருதுவாக இருக்கும் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

நகர்ந்திருக்கலாம். நாலடி தள்ளினால் பாய் இருந்தது. ராத்துவோ நல்ல கனம், திரும்பும்போதெல்லாம் குதிகாலை ஊன்றித்தான் திரும்பினார். அடுத்த பாட்டு ஆரம்பித்ததும், "இன்னும் ஒண்ணு?" என்று கேட்டார்.

"ஆடுங்க, ராத்து," என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் அந்த வருஷத்தில் எப்போதும் இருந்ததில்லை.

ஏழரைக்கு முடித்தார்கள். மறுநாள் ஞாயிறு, ஓய்வு நாள், யாரும் ஒரு துரும்பையும் அசைக்கமாட்டார்கள் என்பதால் அவரவர் பாயை அவரவரே சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். அரை மணியில் மைதானம் காலி. மேல் வரிசையில் இருந்தவர்களில் ஒருவர் போகிற போக்கில் கவுண்டரிடம் அடுத்த நிகழ்ச்சிக்குத் தேதி கேட்டுவிட்டுப் போனார். தாரைவினி தரையைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உட்கார்ந்து கடவுளிடம் புல்லைப் பற்றித் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினாள்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு ஆய்வாளர் ஹரகோவிந்த் ஒரு இரும்புக் கம்பியும் ஒரு பந்துமாக வந்தார். சிரிக்கத் தெரியாதவர் என்று பெயரெடுத்தவர். மைதானத்தை எட்டு வைத்து நடந்தார். பாதி மைதானத்தில் பாயின் பின்னல் அப்படியே புல்லில் பதிந்திருந்தது, ஆனால் புல் தலைதூக்கிக்கொண்டிருந்தது. கம்பியைச் செருகிப் பார்த்தார். கொத்தாகப் பிடித்து இழுத்துப் பார்த்தார், வேர் விடவில்லை. பந்தை எறிந்து எழும்புவதைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பின்னாலேயே நடந்த கவுண்டர் மூச்சுவிட ஆரம்பித்தார்.

கோல் கம்பம் இருந்த இடத்துக்கு முன்னால் வந்ததும் ஹரகோவிந்த் நின்றார். அங்கே ஒரு சாப்பாட்டு மேசை அகலத்துக்கு வெறும் மண் தெரிந்தது. புல் திருகித் திருகி அடியோடு பிய்ந்திருந்தது. குதிகால் தடங்கள் தெளிவாக இருந்தன.

"தரை தேறிடுச்சு," என்றார் அவர். "இந்த ஒரு இடத்துக்கு ஓரத்திலிருந்து புல்லை மண்ணோட வெட்டி வச்சுத் தச்சிட்டா சனிக்கிழமை ஆட்டம் இங்கதான். ஆனா சேதம் இருந்தா யாரால ஆச்சுன்னு நான் எழுதியாகணும். மைதானம் பூரா சனங்க ஒழுங்கா நடந்திருக்காங்க. இங்க மட்டும் எவனோ வெறி பிடிச்சு ஆடியிருக்கான். ஆளு தெரியுமா?"

கவுண்டர் வானத்தில் ஏதோ பறவையைத் தேடினார்.

"தெரியும் சார்," என்றாள் தாரைவினி.

"பேரு?"

"தாரைவினி."

பேனா நின்றது. "உங்க பேரைக் கேக்கலம்மா. இங்க ஆடின ஆளோட பேரு."

"அதைத்தான் சார் சொல்றேன்."

ஹரகோவிந்த் அவளைப் பார்த்தார். மண்ணைப் பார்த்தார். திரும்ப அவளைப் பார்த்தார்.

"பாய் விலகினது தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"அப்புறமும் ஆடினீங்களா?"

"கடைசிப் பாட்டு வரைக்கும் ஆடினேன் சார்," என்றாள் தாரைவினி. அவர் எழுதிக்கொண்டார்.